ஆடாத படகில் ஓடியது

நவம்பர் 21, வெள்ளி. தாராவி.

இன்று புது யாட்டில், அதாவது உல்லாசப் படகில், ஆட்டத்தை அடக்குகிற ஸ்டெபிலைசர் மெஷினுக்குச் சோதனை. நிற்கிற படகை ஆட்டிப் பார்க்க அலை இல்லையென்றால் நாங்கள்தான் அலை. வேலையாட்கள் எட்டுப் பேரும் விசில் சத்தத்துக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சேர்ந்து ஓட வேண்டும். கனத்த ஆள் என்பதால் முன்வரிசை எனக்கு. மெஷினைப் போடாமல் ஓடினோம், படகு தொட்டில் மாதிரி ஆடியது. போட்டுவிட்டு ஓடினோம், அசையவே இல்லை. ஒரு மாதமாக நான் மாட்டிய மெஷின். சந்தோஷத்தில் இன்னும் இரண்டு தடவை ஓடினேன்.

அதைப் படகு முதலாளியின் விருந்தாளி யாரோ போனில் வீடியோ எடுத்து நெட்டில் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் மகள் செல்வி போனை நீட்டினாள். ஆடாத படகில் ஒருவன் தொப்பை குலுங்க ஓடுகிறான். சுற்றிலும் சிரிப்பு.

“எப்பா, இது நீங்கதான? கிளாஸ் பூரா பாத்துட்டு.”

“ஏட்டி, படகு ஆடலைல்லா? அதாம்ட்டி நான் பாக்குத வேலை.”

“அது யாருக்குப்பா தெரியும்?”

நியாயமான கேள்வி. வேலை ஒழுங்காக நடந்தால் கண்ணுக்குத் தெரிவது தொப்பை மட்டும்தான். “இன்னொருக்க ஓடிக் காட்டட்டா?” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நாளை அவள் காலேஜில் பெற்றோர் கூட்டம். “அம்மா மட்டும் வரட்டும்ப்பா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கும் நாளைக்கு டியூட்டிதான்” என்றேன்.

அந்தக் கூட்டத்துக்காகப் போன வாரமே எழுதிக் கொடுத்து லீவு வாங்கியிருக்கிறேன். காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பியாக வேண்டும். எங்கே போவதென்றுதான் தெரியவில்லை.