கிரேஸ் அக்கா ஏறுவதற்கு முன்

ஏங்க,

பென்டிரைவ் கெட்டுப்போகவில்லை. கார் ஸ்டீரியோ எம்பி3 மட்டும்தான் படிக்குமாம். அதனால் என் போனில் இருந்த ஆடியோ மொத்தத்தையும் எம்பி3 ஆக்கி ஏற்றினேன். இப்போது பாடுகிறது.

போன வாரம் நான் உங்களுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் சேர்ந்து ஏறிவிட்டது. "போன தபா நாலு நாள்னு வந்து ஒரு மாசம் குந்திக்கினு இருந்தாங்க உங்க அக்கா. இந்தத் தபாவும் வாயத் தொறக்க மாட்டீங்களா?" (இதற்கு இன்னும் பதில் வரவில்லை.)

எத்தனையாவது பாட்டுக்குப் பிறகு வரும் என்று தெரியாது. அழிக்க நேரமில்லை, கம்பெனி வேன் வந்துவிட்டது. கடம்பத்தூர் ஸ்டேஷனில் கிரேஸ் அக்கா காரில் ஏறுவதற்குள் பென்டிரைவைக் கழற்றிவிடுங்கள்.

சோறு ஹாட்பாக்ஸில்.

ரூபி

பி.கு.: மறந்துபோய் அது ஓடிவிட்டால் நடுவில் நிறுத்தாதீர்கள். கடைசியில், "ஆனா அக்கா வெக்கிற மீன் கொழம்பு எனக்கு வராது" என்றும் சொல்லியிருக்கிறேன்.