பொடி கேட்ட வெஸ்லி

அம்மா,

ஞாயிற்றுக்கிழமை பார்சிப்பனியில் நம் வீட்டு விருந்தில் அத்தனை பேர் முன்னால் நீ பருப்புப் பொடி போட்டதும் நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். உனக்குக் கோபம் இருக்கும்.

ஆப்கானிஸ்தானில் எங்கள் ராணுவ முகாமுக்கு நீ அனுப்பிய பொடியை என்னோடு தினமும் சாப்பிட்டவன் வெஸ்லி, என் படைப்பிரிவுக்காரன். அந்தக் கடைசி நாளிலும் தட்டை நீட்டி, "கொஞ்சம் போடுடா" என்று நான் கற்றுக்கொடுத்த தமிழிலேயே கேட்டான். டப்பாவைத் திறப்பதற்குள் கூரையைப் பிய்த்துக்கொண்டு ராக்கெட் விழுந்தது. அவன் கழுத்து கிழிந்து ரத்தம் பீய்ச்சியது. இரண்டு கையாலும் அழுத்தினேன். விரலிடுக்கில் வழிந்தது நிற்கவே இல்லை. சோற்றிலும் ரத்தம், டப்பாவிலிருந்து சிதறிய பொடியிலும் ரத்தம். என் மடியிலேயே அடங்கிவிட்டான்.

நேற்று அவன் அம்மா டெக்சாஸிலிருந்து போன் செய்தார். மகன் ஆசையாகச் சாப்பிட்டதை ஒருமுறை ருசிபார்க்க வேண்டுமாம்.

முகவரியை உறையில் வைத்திருக்கிறேன். நீயே அரைத்து அனுப்பிவிடு, அம்மா. என்னால் அதைத் தொட முடியாது.

உன் மகன்