நாலு விரல் இறக்கிய நாற்காலி

கிறிஸ்துவுக்குள் என் மகனுக்கு, அம்மா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

சனிக்கிழமை நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு ஒருத்தரும் "நான் அங்கே இல்லையே" என்று நழுவக்கூடாது. நான் இருந்தேன். உன் பெண்டாட்டி நடு அறையில் தரையோடு தரையாக மல்லாந்து படுத்திருந்தாள். அசையக்கூடாது என்று டாக்டர் உத்தரவு, ஆனால் வாய்க்கு உத்தரவு போட அவர் மறந்துவிட்டார். உன் மகள், நம் மிளகு, கட்டிலில். எதிர்வீட்டுத் தையல்காரர். அவர் மனைவி, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நம் வாளியை வாங்கிப்போய்க் கைப்பிடி இல்லாமல் திருப்பிக் கொடுத்தாளே, அதே மகராசி. தெருமுனை சைக்கிள் கடைக்காரர். இத்தனை பேர் பார்க்க உன் மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள்! நீ வாங்கி வந்த அதே சக்கர நாற்காலி! பரணிலிருந்து இறங்கிவிட்டதடா!

எழுதுகிற கை நிற்கமாட்டேன் என்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்ற கை, இன்றைக்கு என்னவோ ஓடுகிறது. இதற்கு முன் நான் போட்ட ஐந்து கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. ஐந்திலும் உனக்குப் புத்தி சொல்லியிருந்தேன். இதில் ஒரு புத்தியும் இல்லை, பயப்படாமல் படி.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை உன் பெண்டாட்டி மிளகைக் குளிப்பாட்டத் தூக்கினாள். குளியலறை வாசலில் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிள்ளையைக் கீழே விடக்கூடாது என்று தான் அடியில் விழுந்தாள். மூன்று வருஷமாகத் தூக்குகிறாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் முழுக்க ஈரத் துணி மூட்டை, வீட்டுக்கு வந்தால் பிள்ளை. மிளகுக்குப் பதினொன்று ஆகிவிட்டதே, கனக்கமாட்டாளா? இரண்டு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் கிடக்க, நான் வாசலில் துண்டோடு நிற்கிறேன். மிளகுதான் முதலில் பேசினாள். "பாட்டி, அம்மா மெத்து மெத்துன்னு இருக்காங்க, எனக்கு அடிபடல" என்றாள். உன் பெண்டாட்டிக்கு வலியிலும் சிரிப்பு.

புதன்கிழமை டாக்டரிடம் போனோம். யார் என்று நினைக்கிறாய்? மிளகுக்குப் பார்த்த அதே வழுக்கைத் தலை டாக்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் காய்ச்சல் விட்டும் பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாதபோது, "இந்தப் பிள்ளை இனிமே நடக்காது, நாற்காலியில பழக்குங்க" என்று நம் மூன்று பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னவர். உன் பெண்டாட்டியின் இடுப்பை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, "பொண்ணு எப்படி இருக்கா? நாற்காலியில பள்ளிக்கூடம் போறாளா?" என்று கேட்டார். உன் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். "எத்தனை தடவை வெளியில கூட்டிட்டுப் போனீங்க?" என்றார். நான் எதையோ தேடுகிற மாதிரி பையைத் துழாவினேன். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "ஏம்மா, அது பிள்ளையா, பீரோவா?" என்று கேட்டார். அதற்காக அவர்மேல் ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். வியாழக்கிழமை அந்தக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

இனி நீயும் நானும் பேசாமல் விட்ட விஷயம். நீ மறந்திருக்கமாட்டாய், நானும் மறக்கவில்லை. நீ நாற்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த அன்று சாயங்காலம் நம் வீட்டில் ஜெபக்கூட்டம். வெள்ளை ஷூ போட்ட பிரசங்கியார் வந்திருந்தார். நாற்காலியைப் பார்த்துவிட்டு, "இதை விரிச்சீங்கன்னா விசுவாசத்தை மடிச்சிட்டீங்கன்னு அர்த்தம்" என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள், நீ ஒருத்தனைத் தவிர. அவர் போனதும் நான் நாற்காலியை மடக்கி, பச்சை நைலான் கயிற்றால் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டு, உன்னையே ஏணியில் ஏற்றிப் பரணில் வைக்கச் சொன்னேன். "அம்மா, அவ நடக்கிறப்ப நடக்கட்டும், அதுவரைக்கும் வாசலையாவது பார்க்கட்டுமே" என்றாய். நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேன். உன் அவிசுவாசத்தால்தான் பிள்ளை இன்னும் கட்டிலில் கிடக்கிறாள் என்றேன். பிள்ளையின் காதில் விழும்படி சொன்னேன். நீ ஏணியை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டுக் கை கழுவப் போனாய். அடுத்த மாதமே அந்தத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்குப் போய்விட்டாய். உன் பெண்டாட்டிக்குக் கடிதம் வருகிறது. எனக்கு வருவதில்லை. வராதது சரிதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் மிளகின் கட்டிலில் உட்கார்ந்து வழக்கம்போல ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே இந்த வாரம் எழுப்பும், இந்த மாதம் எழுப்பும் என்று மூன்று வருஷமாக அவருக்கு நாள் குறித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மிளகு மேலே பரணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "பாட்டி, இயேசப்பா என்னைக் கட்டில்ல இருந்துதான் எழுப்புவேன்னு சொல்லியிருக்காரா? நாற்காலியில இருந்து எழுப்பத் தெரியாதா அவருக்கு?"

பாதி ஜெபத்திலேயே ஆமென் போட்டு முடித்துவிட்டேன். நான், உன் அம்மா! நான் எழுந்து பின்பக்கம் துவைக்கிற கல்லண்டை போய் நின்றேன். அங்கே ஆண்டவரோடு சண்டை போட்டேன், மறைப்பானேன். ஏன் இந்தப் பிள்ளை என்று கேட்டேன். நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன். அழுது ஓய்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. மூன்று வருஷமாக நான் அவரிடம் எதையும் கேட்டதே இல்லை, சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். இப்படிச் செய்யும், இந்த வழியாகச் செய்யும், வேறு வழியாகச் செய்தால் நான் வாங்கமாட்டேன் என்று. அதற்கு விசுவாசம் என்று பேர் வேறு வைத்திருந்தேன். அவர் ராஜா என்று வாயால் பாடிவிட்டு, அவருக்கே நான் மாமியார்த்தனம் பண்ணியிருக்கிறேன். "சரி ஆண்டவரே, எழுப்பினாலும் நீர் கர்த்தர், எழுப்பாவிட்டாலும் நீர் கர்த்தர். காரணத்தைச் சொல்லாவிட்டாலும் நீர்தான். என் கையை எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். சொல்லி முடித்ததும் முழங்கால் லேசாகிவிட்டது. வலி போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் இத்தனை நாள் பூமியை நான் தாங்கிக்கொண்டிருந்த மாதிரியும் அதைக் கீழே வைத்துவிட்ட மாதிரியும் இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் தையல்காரரைக் கூப்பிட்டேன். அவர்தான் ஏணியில் ஏறி இறக்கினார். தூசியில் எட்டுத் தும்மல் போட்டார், மிளகு எண்ணினாள். முடிச்சு அவிழவில்லை. உங்கள் கத்தரிக்கோலைக் கொண்டுவாருங்கள் என்றேன். "அம்மா, அது துணி வெட்டுற கத்தரி. நைலான்ல வெச்சா முனை போயிடும். என் தலையைக் கேளுங்க தர்றேன், கத்தரியைக் கேக்காதீங்க" என்கிறார். அவர் மனைவி, "உங்க தலையை வெச்சு எதை வெட்டுறது?" என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய் அந்தக் கத்தரியையே எடுத்து வந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் வெட்டினேன். அந்த நொடியில் வாளியை அவளுக்கு மன்னித்துவிட்டேன்.

சக்கரம் இரண்டும் காற்று இறங்கி, சுழலாமல் இறுகியிருந்தன. சைக்கிள்காரர் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்து, டியூப் மாற்றி, எண்ணெய் விட்டார். மிளகை நானும் தையல்காரர் மனைவியும் தூக்கி உட்கார வைத்தோம். அப்போதுதான் பார்த்தேன். முழங்கால் இரண்டும் மார்புக்கு நேராக ஏறி நின்றன. நீ வாங்கியது எட்டு வயசுப் பிள்ளைக்கு. உட்கார்ந்திருப்பது பதினொரு வயசுப் பிள்ளை. சைக்கிள்காரர் கீழே குத்தவைத்து அளந்து, "கால்பலகையை நாலு விரல் இறக்கணும்மா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த நாலு விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் ஸ்பேனரால் நான்கே திருப்பில் இறக்கிவிட்டார். அந்த நாலு விரல் வளர்ந்ததை நீ பார்க்கவில்லை. பிள்ளை தெருவைப் பார்க்கவில்லை.

ஆனால் கேள், கேள்! அடுத்து நடந்ததை நீ கண்ணால் பார்த்திருக்கவேண்டும். வாசல் படி மூன்றிலும் சைக்கிள்காரர் பலகை போட்டார். மிளகு சக்கரத்தைப் பிடித்தாள். "யாரும் தள்ளாதீங்க" என்றாள். முதல் உந்தலில் சுவரில் இடித்தாள். இரண்டாவதில் என் காலில் ஏற்றினாள். மூன்றாவதில் நேரே தெரு! உன் பெண்டாட்டி உள்ளே படுத்தபடியே, "அத்தை, எங்கே இருக்கா? அத்தை, எங்கே போறா?" என்று கத்துகிறாள். நான் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் செருப்பில்லாமலும் பின்னால் ஓடுகிறேன். என் வயசு உனக்குத் தெரியும். அச்சகத்தைத் தாண்டினாள், பள்ளிக்கூட மதிலைத் தாண்டினாள், முடிவெட்டுகிற கடை எங்கே என்று கேட்டாள். அதை மூடி இரண்டு வருஷம் ஆகிறது, அவளுக்கு யார் சொன்னோம்? முனையில் நிறுத்தித் திரும்பி, "பாட்டி, எவ்வளவு நேரம் வர்றீங்க, சீக்கிரம் வாங்க!" என்று என்னை அதட்டினாள்! அப்படியே உன் அதட்டல்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனாள். முன்படி ஏற முடியாது, ஒலிபெருக்கிப் பெட்டி கொண்டுபோகிற பக்கவாசல் வழியாகப் போனோம். பாட்டுக்குழுக்காரி பக்கத்தில் இருந்தவளிடம், "கடைசியில விசுவாசத்தை விட்டுட்டாங்க பாத்தியா" என்று குசுகுசுத்தாள். என் காது உனக்குத் தெரியுமே. சாட்சி சொல்கிற நேரம் வந்தது. போதகர் ஐயா யாராவது உண்டா என்று கேட்டு முடிப்பதற்குள் எழுந்தேன். நம் சபையில் நல்லது நடந்தவர்கள்தான் சாட்சி சொல்வது வழக்கம். நான் சொன்னேன்: "என் பேத்தி நடக்கல. டாக்டர் நடக்கமாட்டாள்னு சொல்லிட்டார். நான் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன், ஆனா எப்படிச் செய்யணும்னு இனிமே அவருக்குச் சொல்லிக் குடுக்கமாட்டேன். அவர் நல்லவர். ஸ்தோத்திரம்." போதகர் ஆமென் சொல்லலாமா வேண்டாமா என்று முழிக்கிறார். பின்னாலிருந்து மிளகு, "ஆமென்! பாட்டி, உட்காருங்க" என்றாள். சபை மொத்தமும் சிரித்தது. போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த மாதம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம். உன் பெண்டாட்டி இன்று சுவரைப் பிடித்து நடந்தாள். மிளகு இந்தக் கடிதத்தைக் காட்டு என்று சக்கரத்தை உருட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறாள், காட்டமாட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை செய்யக் கையெழுத்துப் போடப்போகிறாய் என்று உன் பெண்டாட்டி சொன்னாள். போடாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பிள்ளை வேகமாக வளர்கிறாள், ராசா. நீ ஏறுகிற அந்த உயரத்திலும் இறங்குகிற படியிலும் ஆண்டவர் உன் காலைப் பிடித்துக்கொள்வாராக.

டாக்டரை மன்னித்துவிட்டேன். பாட்டுக்குழுக்காரியை மன்னிக்கப் போகிறேன், இரண்டு வாரம் ஆகும். வெள்ளை ஷூக்காரரையும் விட்டுவிட்டேன். அவர் ஒரு சாயங்காலம் வந்து பேசிவிட்டுப் போனார். அந்தப் பேச்சை மூன்று வருஷம் தீனி போட்டு வளர்த்தது வேறொருத்தி. அவளை மட்டும் என்னால் மன்னிக்க ஆகவில்லை. ஆண்டவர் எப்போதோ மன்னித்துவிட்டார் என்கிறார் போதகர். அது அவர் இஷ்டம். நீ நேரில் வந்து அவள் முகத்தைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று நீயே சொல். யார் அவள் என்று கேட்பாயானால், கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

உன் அம்மா