செல்வி திரும்பப் பெற்ற தொகுப்பு

புரட்டாசி 21, செவ்வாய்

சாத்தூர் செல்வியைப் பற்றி நான் எழுதிய செய்தி நாளை எங்கள் நாளிதழின் இணைப்பிதழில் வருகிறது. ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்குத் திரையும் நேரமும் சரியாக அமைய உதவும் கருவிகளை, ஒரு லினக்ஸ் இயங்குதள வெளியீட்டுக்காக அவள் வீட்டிலிருந்தே தொகுத்துச் சோதிக்கிறாள். இந்த முறை மேற்பார்வை இல்லாமல் வெளியிட அந்த வெளியீட்டை நடத்தும் குழு அவளை அனுமதித்தது. அதுதான் செய்தி.

மாலையில் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, செய்திய நிறுத்த முடியுமா? தொகுப்பத் திரும்ப எடுத்துட்டேன். புது மெஷின்ல போட்டா திரையே வரல."

"அம்புட்டு சோதிச்சியேம்மா?"

"ஒரே மெஷினத்தான் திருப்பித் திருப்பி ஓட்டிருக்கேன். அதுல பழைய டூல்ஸ் ஏற்கெனவே கெடந்துச்சு. அதுதான் வேல செஞ்சிருக்கு."

பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருக்கும் அவள் கணவரின் குரல் பக்கத்தில் கேட்டது. "ஒரே பெட்டியில சாம்பிள் வெடிச்சுப் பாத்துட்டு லோடு ஏத்திட்டா, அண்ணாச்சி."

"சும்மா இருங்க நீங்க" என்றாள்.

"இனிமே தனியா வெளியிட விடுவாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியல. என் தப்புன்னு குழுவுக்கு எழுதிட்டேன்."

அலுவலகத்தில் கேட்டேன். இணைப்பிதழ் மத்தியானமே அச்சாகிவிட்டது. திருத்தம் நாளை மறுநாள்தான்.

'எல்லாச் சோதனையிலும் தேறியது' என்று எழுதியவன் நான். அவளைத் தவிர வேறு யாரிடமும் கேட்கவில்லை. திருத்தத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன். வெட்டாமல் போடுவார்களா என்று தெரியவில்லை.

விடிந்ததும் அவள் தெருவில் பேப்பர் விழும். படத்தில் சிரித்துக்கொண்டிருப்பாள். சிரிக்கச் சொன்னதும் நான்தான்.