சோடியில்லாத ஆட்டம்

வெக்ஸ்போர்ட்
10 ஏப்ரல் 2025

துஷாந்த்,

இல்லை, சீட்டு மேசையிலிருந்து கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன். பிறகு திரும்பி வர முடியவில்லை. இரண்டும் வேறு.

போனில் கேட்டீர். அப்போது சொல்லத் தெரியவில்லை. போனில் நான் எதைச் சொன்னாலும் நீர் “ஓம்” என்று ஒத்துக்கொள்கிறீர். அந்த ஓமுக்குப் பிறகு எனக்கு வார்த்தை வராது. பெப்ரவரியில் நாங்கள் பிரிந்து, நீர் பிக்கரிங்கில் உம்முடைய அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து இப்படித்தான். அதனால் எழுதுகிறேன். நீரும் எழுதும்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன்.

மேசையில் நான்கு பேர் மிச்சம். என் கையில் இரண்டு ஒன்பது. எனக்கு முன்னால் இருந்த போக்கர் சிப்ஸ் முழுவதையும் நடுவில் தள்ளினேன். காசில்லாத போக்கர் லீக், வெறும் புள்ளிகள். றொய்சன் பின்வாங்கித் தாளைக் கீழே போட்டான். அந்தப் பிலிப்பினோக்காரரும் போட்டார். நீர் உம்முடைய தாள்களை நெடுநேரம் பார்த்தீர். பிறகு நீரும் போட்டீர்.

உம்மைப் பின்வாங்க வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு கணம்தான். எனக்குள் ஏதோ எழுந்து நின்றது. எங்கள் ஆறு வருடக் கலியாண வாழ்க்கையில் அப்படி ஒரு கணம் வந்ததில்லை.

அப்போதுதான் நீர் எறிந்த தாள் ஒன்று கண்ணாடிக் குவளையில் தட்டிப் புரண்டது. இராசா. லீக்கை நடத்தும் அன்ரனெற் அன்ரி வந்து மற்றதையும் பிரட்டினார். அதுவும் இராசா, என் ஒன்பதுகளை விடப் பெரியது.

இரண்டு இராசாவோடு யாரும் பின்வாங்குவதில்லை. றொய்சனுக்கே அது தெரியும். உடனே கேட்டான்:

“அண்ணை, உதென்ன, மனிசிக்கு இப்பதான் சீதனம் குடுக்கிறியளோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நீரும். அன்ரி மட்டும் சிரிக்கவில்லை.

“தம்பி, இது 304 இல்லை. இஞ்ச சோடி கிடையாது. விளங்குதோ? ரெண்டு சுத்து வெளியில நில்லும்.”

பல்கலைக்கழகக் காலத்தில் பேஸ்மென்ற்களில் 304 சீட்டு விளையாடும்போது நீரும் நானும் எப்போதும் சோடி. நான் வெல்லும் சுற்றில் உம்முடைய பெரிய தாளைக் கொண்டுவந்து போடுவீர். அங்கே அது நல்ல ஆட்டம். இங்கே குற்றம். ஒருவருக்கு விட்டுக்கொடுப்பது மேசையில் உள்ள மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று அன்ரி பிறகு விளக்கினார். எனக்குச் செய்த அநியாயம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடும். குளிர் இன்னும் போகவில்லை.

நிலாணி


பிக்கரிங்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள நிலா,

புத்தாண்டு வாழ்த்து. அக்கா விடியவே பொங்கினா. எனக்கு முன்னால் கிண்ணத்தை வைத்துவிட்டு, “அவளை அங்க தனிய விட்டிட்டு உனக்கு என்னண்டு தொண்டையில இறங்குது?” என்று கேட்டா. இறங்கியது. உமக்கும் ஒரு டப்பா தந்துவிடுகிறா. அத்தான் வேலைக்குப் போகும் வழியில் வாசலில் வைப்பார்.

நீர் நினைப்பது போல் ஒன்றும் இல்லை. உம்மிடம் சிப்ஸ் குறைவு, என்னிடம் நிறைய. நான் ஆடியிருந்தால் அநேகமாக நீர் வெளியே. உம்மை என் கையால் வெளியேற்ற மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்த லீக்கை நீர் தேடிப் பிடித்தது நான் போன பிறகு. உமக்கென்று கிடைத்த ஒன்று. வாரத்தில் ஒருநாள் முகம் பார்க்கலாம் என்று நீர் கூப்பிட்டதால் வந்தேன். வந்த இடத்தில் உம்மை எழுப்பிவிட்டு நான் எப்படி இருப்பது?

நான் திரும்பி வருவது பற்றியும், மற்றது பற்றியும் போனில் கேட்டிருந்தீர். உமக்கு எது விருப்பமோ அதுதான் எனக்கும். நீர் சந்தோசமாக இருந்தால் போதும்.

என்றும் அன்புடன்,
துஷாந்த்


வெக்ஸ்போர்ட்
17 ஏப்ரல் 2025

துஷாந்த்,

பொங்கல் கிடைத்தது. புனிதவதி அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லும். முந்திரிகை முழுவதையும் என் டப்பாவுக்குள்தான் போட்டிருக்கிறா போல.

“மற்றது” என்று எழுதியிருக்கிறீர். அதற்குப் பெயர் பிள்ளை.

நான்கு வருடமாகக் கேட்கிறேன். நீர் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. “பாப்பம்.” “உமக்கு விருப்பமெண்டால் எனக்கும்.” வைத்தியரிடம் போவோமா என்றால், “ஓம், போவம்.” போனதில்லை. எனக்கு முப்பத்தாறு வயது.

வெளியிலிருந்து பார்த்தால் நான் எல்லாவற்றையும் வென்றவள். இந்த வீடு என் விருப்பம். சோபாவின் நிறம் என் விருப்பம். விடுமுறைக்கு எங்கே போவது என்பதும். என் தோழிகளுக்குப் பொறாமை. ஆனால் உம்முடைய தாள் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவை. அதுவும் குவளை தட்டியதால்.

மேசையில் என்ன கண்டேன் என்றால், முன்பின் தெரியாதவர்கள் என்னை எதிர்த்து ஆடுகிறார்கள். நான் என்ன வைத்திருக்கிறேன் என்று யோசிக்கிறார்கள். என் முகத்தைப் பார்க்கிறார்கள். தோற்கடிக்கிறார்கள். வீட்டுக்கு வரும்போது களைப்பாக இருக்கும், ஆனால் தனிமையாக இருக்காது. உம்மோடு இருந்தபோது இருந்தது.

ஆகவே நேராகக் கேட்கிறேன். பிள்ளை வேண்டுமா, வேண்டாமா? அதைப் பொறுத்துத்தான் நீர் திரும்பி வருவது. “உமக்கு விருப்பமெண்டால்” என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன். தோற்றால் தோற்கிறேன். விட்டுத் தராதேயும்.

நிலாணி


பிக்கரிங்
2 மே 2025

அன்புள்ள நிலா,

தாமதத்துக்கு மன்னியும்.

போன செவ்வாய் நீர் வராத அன்று நான் லீக்குக்குப் போனேன். றொய்சனுக்குப் பிறந்தநாள். கடைசிச் சிப்ஸைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டான். “அண்ணை, பேர்த்டே எனக்கு. கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ.” என் கை நல்ல கை. தாளைப் போட்டு விட்டுக்கொடுக்கலாமா என்று யோசித்தேன். அன்ரி பின்னால் நிற்கிறார் என்பதற்காக அல்ல, உம்முடைய கடிதம் பைக்குள் இருந்ததற்காக ஆடினேன். வென்றேன். அவன் வெளியே.

என்ன ஆகும் என்று பயந்தேனோ அது ஆகவில்லை. “நாசமாப் போவீங்கள்” என்றான். பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு என் தட்டில் இருந்த கோழி விங்ஸை எடுத்துச் சாப்பிட்டான். வேலையைப் பற்றிக் கதைத்தான். போகும்போது, “அடுத்த கிழமை உங்களுக்கு இருக்கு” என்று முதுகில் தட்டினான்.

இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கா இவ்வளவு காலம் பயந்தேன்.

நிலா, எனக்குப் பிள்ளை வேண்டாம்.

இப்போது மட்டும் அல்ல. நீர் முதலில் கேட்ட அன்றைக்கே வேண்டாம் என்றுதான் இருந்தது. பெரிய காரணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அக்காவின் பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். அவர்கள் பள்ளிக்கூடம் போனபின் வீட்டில் வரும் அமைதியும் பிடிக்கும். அந்த அமைதிதான் கூடுதலாகப் பிடிக்கும். நாளைக்கு மாறும் என்று என்னால் சொல்ல முடியாது. மாறாது.

சொன்னால் நீர் போய்விடுவீர் என்று பயம். “பாப்பம்” என்றால் இன்னொரு மாதம் இருப்பீர். அப்படி மாதங்களைச் சேர்த்தேன். அவை உம்முடைய மாதங்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

நீர் இல்லாமல் இருக்க எனக்கு விருப்பமில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அதுவும் உண்மை.

துஷாந்த்


வெக்ஸ்போர்ட்
9 மே 2025

அன்புள்ள துஷாந்த்,

உம்முடைய கடிதத்தைக் கீழே சலவை அறையில் வைத்து வாசித்தேன். மெஷின் நிற்கும்வரை அழுதேன். மேல்மாடியில் இருக்கும் அந்த உயரமான பெண் வந்து படுக்கை விரிப்பின் மற்றத் தலைப்பைப் பிடித்தாள். இரண்டு பேருமாக மடித்தோம்.

கோபம் வருகிறது. போகிறது. நான்கு வருடம் என்று நினைத்தால் வருகிறது. பயந்தேன் என்று நீர் எழுதிய இடத்தில் போய்விடுகிறது. நானும் கொஞ்சம் ஊகித்துத்தான் இருந்தேன் போல. ஊகித்ததை உம்மிடம் காட்டாமல் இருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு முன்னால் ஒரு ஆள் இருந்தார். பக்கத்தில் அல்ல, முன்னால், எதிர்த்து ஆடுபவராக. நான் கலியாணம் செய்தது இவரை என்று இருந்தது. கொஞ்சம் பிந்திப் போய்விட்டது.

நீர் திரும்பி வர வேண்டாம். இது உமக்கு விருப்பமா என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பிள்ளை வேண்டும். உமக்கு வேண்டாம். நடுவில் ஒரு இடம் இருக்கிறதா என்று மூன்று நாள் தேடினேன். இல்லை.

உம்முடைய புத்தகங்களை எடுக்க வரும்போது சொல்லும், இடியப்பம் எடுத்து வைக்கிறேன். அக்காவுக்கு நானே போன் பண்ணிச் சொல்கிறேன். நீர் சொன்னால் பழி முழுவதையும் தலையில் போட்டுக்கொள்வீர். லீக்கை விடாதேயும். அது எனக்கு மட்டும் உரியது இல்லை.

இன்று காலை குடும்ப வைத்தியரின் அலுவலகத்துக்கு அழைத்தேன். கருத்தரிப்புக் கிளினிக்குக்கு ஒரு றிஃபரல் கடிதம் வேண்டும் என்றேன். கணவரும் வருவாரா என்று கேட்டார்கள். இல்லை, நான் மட்டும்தான் என்று சொல்லி, என் பெயரைக் கொடுத்தேன்.

நிலாணி