பாவுக்கு அடியில் விரித்த போர்வை

அம்மாபேட்டை, சேலம்
தை மாதம், 1936

அன்புள்ள மயிலம்மாளுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? யாரையாவது பதில் எழுதச் சொல்.

இங்கே ஊர் பெருத்துக் கிணறுகள் போதவில்லை. நகரசபை கடன் வாங்கிக் குடிதண்ணீர்க் குழாய் போடுகிறது. கடனை அடைக்க வீட்டு வரியை இப்போதே ஏற்றிவிட்டார்கள். திட்டு மட்டும் குழி தோண்டும் எங்களுக்கு!

போன வாரம் ஒரு வேடிக்கை. தெரு காலியாகத்தானே இருக்கிறது என்று நெசவாளர் தெரு நடுவே தோண்டிவிட்டோம். விடிந்ததும் சௌந்திரம் என்கிற அம்மாள் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைக் கஞ்சி போட்டு எடுத்து வந்தார். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி உடனே காயவைக்காவிட்டால் இழைகள் ஒட்டிப் பாழாகிவிடுமாம்.

“கொழாய்க்கு முந்தி வரி வந்துருச்சு. இப்பப் பாவையும் கெடுத்துப்போட்டீங்களே!” என்று அழுதுவிட்டார்.

நூலில் மண் ஒட்டாமலிருக்க மண்மேட்டின்மேல் என் போர்வையை விரித்தேன். குழிக்கு மேலாக இழுத்துக் கட்டிய பாவை, அது காயும்வரை எல்லோரும் குழிக்குள் நின்று கையால் தாங்கினோம். ஓர் இழைகூட அறவில்லை.

மறுநாள், “பனிக்குக் குளுருமுங்க சாமி” என்று போர்வையைத் துவைத்துக் கொடுத்தார். தண்ணீரில்லாத தெருவில் எனக்காக ஒரு குடம் செலவழித்த புண்ணியவதி! கைப்பழக்கத்தில் கஞ்சியும் போட்டுவிட்டார். போர்வை பலகைபோல் நிற்கிறது. நம் வீட்டு வாசம்தான் போய்விட்டது.

மேஸ்திரி கூப்பிடுகிறார். நம்மூர் மணியன் வண்டி இங்கே வரும்போது உன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பு, போர்வைக்கு ஒட்டுப்போட வேண்டும். துவைக்க வேண்டாம்.

மருதாசலம்