இன்ஜின் அறைக்குத் திரும்ப இறங்கிய அண்ணனுக்கு

அண்ணே, இன்று காலை அஜ்மானில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒரு மெக்கானிக் ஏறினான். அவன் சட்டையிலிருந்து மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. என் மாடி வந்தும் நான் இறங்கவில்லை. அது உன் பையின் வாசனை.

கடற்படையிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் உன் பையைத் திறந்தால் துப்பாக்கி துடைத்த அந்த எண்ணெய்தான் முதலில் மணக்கும். கமாண்டோ பிரிவில் என்ன செய்தாய் என்று கேட்டால், "நனைஞ்சுக்கிட்டே காத்துக் கிடந்தோம்" என்பாய்.

ஓய்வுக்குப் பிறகு எண்ணெய்க் கப்பல்களில் காவல் வேலைக்குச் சேர்ந்தாய். கப்பல் ஃபுஜைரா துறைமுகத்தில் நின்றால் என் வீட்டில்தான் சாப்பாடு. இந்தக் கடலில் போர் மூண்ட வாரமும் வந்தாய். கப்பல்கள் எரிவதை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நீ மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாய்.

"வானத்துல இருந்து வர்றத உன் துப்பாக்கி என்னண்ணே செய்யும்? போகாத."

"ஒண்ணும் செய்யாதுதான். நான் இறங்கிட்டா, உள்ள இருக்கவன் யார நம்பித் தூங்குவான்?"

வாசலில் ஷூ கயிற்றைக் கட்டும்போது உன் விரல்கள் தடுமாறின. நான் பார்த்துவிட்டதை நீயும் பார்த்தாய். "பயம்தான்" என்று சிரித்தாய். "பயமே இல்லாதவனோட டூட்டி பார்க்கக் கூடாது."

பிறகு நான் அனுப்பிய செய்திகளெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன. கப்பல் ஏஜென்ட் பேசினார். உன்னைப் பெட்டியில் ஊருக்குக் கொண்டுபோனோம். சீருடையில் நீ சாகவில்லை என்பதால் கொடி இல்லை, குண்டு முழக்கம் இல்லை. உன்னோடு படையில் இருந்த இருவர் மட்டும் மயானத்தில் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள்.

நான் அஜ்மான் திரும்பிய பிறகு, ஊன்றுகோலுடன் ஒருவன் கதவைத் தட்டினான். உன் கப்பலின் இன்ஜின் அறையில் ஆயில்மேனாக வேலை பார்த்த செல்வம், தூத்துக்குடிக்காரன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைத் தொடாமல் சொன்னான். இன்ஜின் அறையில் தீ. அவன் கால் குழாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டது. நீ இறங்கி வந்து இழுத்தெடுத்து, தோளில் சுமந்து ஏணியேறி, மேல்தளத்தில் கிடத்தினாய்.

"'உள்ள வேற யாரும் உண்டா'ன்னு கேட்டாவக்கா. ஒரு ஆளு உண்டுன்னுட்டேன். நான் வாய மூடியிருந்தா அண்ணன் இன்னைக்கு..."

நீ மறுபடி இறங்கியிருக்கிறாய். நீயும் வரவில்லை, அந்த ஆளும் வரவில்லை.

"நீ சொல்லலேன்னாலும் எங்கண்ணன் இறங்கித்தான் பார்த்திருப்பான்" என்றேன். அது உண்மையா அண்ணே? எனக்குத் தெரியாது. அப்படி நினைக்காவிட்டால் அவனும் தூங்க மாட்டான், நானும் தூங்க மாட்டேன்.

செல்வம் கால் தேறி மறுபடி கப்பலேறிவிட்டான். வீட்டில் அவன் ஒருவன் சம்பாத்தியம். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு துறைமுகத்திலும் "அக்கா, வந்துட்டேன்" என்று கூப்பிடுவான். இந்த முறை ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டி வர வேண்டும். நேற்றே கூப்பிட்டிருக்க வேண்டும்.

மதியம் அவன் அம்மா தூத்துக்குடியிலிருந்து பேசினாள். "ஒங்களுக்கு எதுவும் தகவல் வந்துச்சாம்மா?"

"வரும்மா. நடுக்கடல்ல சிக்னல் இருக்காது" என்றேன்.

உனக்காகப் பயந்தது உன்னோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். நீ சுமந்து மேலே கொண்டுவந்தவனை இப்போது நான் சுமக்கிறேன். போனைச் சார்ஜரிலிருந்து எடுக்கவும் பயமாக இருக்கிறது. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.